சாவி மாட்டிய ஆணி

2024 மே 19-ஆம் நாள் அதிகாலையில், புனே மாநகரின் கல்யாணி நகர்ப் பகுதியில், பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டி வந்ததாகக் காவல்துறை கூறும் விலையுயர்ந்த போர்ஷே கார் ஒன்று இருசக்கர வாகனம் ஒன்றின்மேல் மோதியது. அதில் சென்ற கணினிப் பொறியாளர் இருவர் மாண்டனர். ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். இருவருக்கும் வயது 24. இருவரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அன்று பொழுது சாய்வதற்குள் இளைஞர் நீதிக் குழுமம் சிறுவனைப் பிணையில் விடுவித்தது. விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்துகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது.

நாடு கொதித்தது. இரண்டு உயிருக்கு முந்நூறு சொல்லா என்று கேளாதவர் இல்லை. நானும் கேட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து, 'சாலை விதிகளைக் கடைப்பிடிப்போம்' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்லித் திருத்தியவன் என்பதால், என் சினத்தில் சிறிது வெட்கமும் கலந்திருந்தது. என்னிடம் அத்தலைப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்களில் எத்தனையோ பேர் பள்ளி விட்டதும் உரிமம் இல்லாமல் வண்டியேறிப் போனதை வாசலில் நின்று பார்த்தவன் நான். நாள்கள் செல்லச் செல்ல அந்தச் சினம் வேறொரு கேள்வியாக மாறியது. அந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர் உண்மையில் யார்?

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. பதினாறு நிறைந்தவர்க்கு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் உரிமம் வேண்டும். இப்போது ஒரு சிறுவன் குடித்துவிட்டு, உரிமமின்றி, காப்பீடும் இல்லாத வண்டியை நள்ளிரவில் ஓட்டி வருகிறான், யார்மேலும் மோதாமல் காவலரிடம் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உரிமமின்றி ஓட்டியதற்கு 181-ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம். காப்பீடு இல்லாததற்கு 196-ஆம் பிரிவு: முதல் முறையாயின் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய். குடித்து ஓட்டியதற்கு 185-ஆம் பிரிவு: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஆல்ககால் 30 மில்லி கிராமை மிஞ்சினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய். சிறையும் அபராதமும் சேர்த்தே விதிக்கவும் இடமுண்டு. ஆயினும் ஓட்டியவன் சிறுவன் ஆதலால் சிறைத் தண்டனை இளைஞர் நீதிச் சட்டத்துக்கு இணங்க மாற்றப்படலாம். கையில் நிற்பது பெரும்பாலும் அபராதமே. 2019 செப்டம்பருக்கு முன் இந்த அபராதங்கள் இன்னும் சிறியவை. உரிமமின்றி ஓட்டியதற்கு அப்போது 500 ரூபாய்.

இனி, அதே சிறுவன், அதே இரவு, அதே வேகம். ஆனால் சாலையின் குறுக்கே ஒருவர் வந்துவிடுகிறார். இப்போது வழக்கே வேறு. கவனக்குறைவால் உயிர் போக்கிய குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஐந்து ஆண்டு வரை என்கிறது. இப்படிச் செய்தால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தான் என மெய்ப்பிக்கப்பட்டால் பத்து ஆண்டு வரை நீளும். சிறுவனை வயது வந்தவனாகக் கருதி விசாரிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. டெல்லியில் 2016-இல் நிகழ்ந்த இத்தகைய கார் விபத்து ஒன்றிலிருந்து எழுந்த வழக்கில், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனையைச் சட்டமே வகுத்துள்ள குற்றங்கள்தாம் அவ்வாறு விசாரிக்கத் தக்க கொடுங்குற்றங்கள் என்று விளக்கியது. புனேச் சிறுவனையும் வயது வந்தவனாக விசாரிக்க வேண்டும் என்ற காவல்துறையின் வேண்டுகோளை 2025 ஜூலையில் குழுமம் மறுத்தது. இம்மறுப்பைப் பலர் பழித்தனர். நான் பழிக்க மாட்டேன். பிள்ளையைப் பிள்ளையாகவே நடத்துவது சட்டம் நெடுநாள் சிந்தித்துக் கண்ட நெறி; ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைமேல் நமக்குள்ள கோபத்துக்காக அதை உடைத்தால், நாளை அந்த உடைப்பில் விழப்போவது ஏழை வீட்டுப் பிள்ளைகளே.

என்னை உறுத்துவது வேறொன்று. இரண்டு இரவுகளிலும் சிறுவன் செய்தது ஒன்றுதான். குறுக்கே ஒருவர் வந்தாரா இல்லையா என்பது மட்டுமே வேற்றுமை. அது அவன் கையில் இல்லை. ஆயின் ஒன்று சில ஆயிரம் ரூபாயோடு முடிகிறது. மற்றொன்று பல வாழ்வுகளை முடிக்கிறது. சட்டம் விளைவைப் பார்த்து அளக்கிறது. வேறு வழியும் அதற்கு இல்லை. மாண்டவரின் தாயிடம் போய், மோதாமல் தப்பியவனும் இவனும் ஒன்றே என்று சொல்ல எந்த நீதிபதிக்கு நாவெழும்? ஆனால் மனச்சான்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளைவை ஒதுக்கிவிட்டுச் செயலை மட்டும் பார் என்று அது சொல்லும்போது, நற்பேற்றால் தப்பியவர்கள் அனைவரும் வரிசையில் வந்து நிற்க வேண்டியதாகிறது. அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது.

1996-ஆம் ஆண்டு. திருச்சி பாலக்கரையில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பழைய பஜாஜ் ஸ்கூட்டர் இருந்தது; இரண்டாங்கையாக வாங்கியது. காப்பீடு முடிந்து நாலைந்து மாதமாகியும், சம்பளம் வரட்டும், தீபாவளி முன்பணம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சாவி முன்கூடத்தில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். பதினாறு வயது மகன் அதை எடுத்துக்கொண்டு டியூஷனுக்கும் கடைக்கும் போய்வருவான். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ஓட்டினார்கள். "பையன் வண்டி நல்லா ஓட்டுறானே, சார்" என்று அயலார் சொன்னபோது மகிழ்ந்திருக்கிறேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஓர் இரவு அரியமங்கலத்தில் நண்பனின் அக்காள் திருமணம் என்று போனவன் ஒரு மணிக்குத்தான் திரும்பினான். விழித்திருந்த எனக்கு ஸ்கூட்டர் ஒலி கேட்டதும் போன உயிர் வந்தது. கதவைத் திறந்தேன். வாடை அடித்தது. மறுநாள் நான் பேசிய பேச்சு என் வாழ்வில் அதற்கு முன்னும் பின்னும் பேசாதது. குடும்பப் பெயர், ஆசிரியன் வீட்டுப் பிள்ளை, ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் பேசினேன். அவன் தலைகுனிந்து அழுதான். அவன் தாய் இடையே வந்து, "போதும், விட்டுவிடுங்கள்" என்றாள். விட்டுவிட்டேன்.

அந்தப் பேச்சு முழுவதிலும் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரியமங்கலத்திலிருந்து பாலக்கரைக்கு வரும் வழியில் காந்தி சந்தை இருக்கிறது. இரவில் அங்கே லாரிகள் வரும். சுமை இறக்குவோர் அடுத்த லாரி வரும் வரை சாக்கை விரித்துச் சாலை ஓரத்தில் படுத்திருப்பார்கள். அவர்களுள் ஒருவராவது என் நினைவுக்கு அன்று வரவில்லை. என் மகன் எனக்குத் திரும்பக் கிடைத்தான். அவன் மானம் காக்கப்பட வேண்டும். உலகம் அவ்வளவோடு முடிந்துவிட்டது. சாவி மறுபடியும் அதே ஆணியில் தொங்கியது.

இருபத்து மூன்று ஆண்டு கழித்து, 2019-இல், மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்ற ஒரு பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. சிறுவர் குற்றம் செய்தால் அவருடைய பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது வாகனத்தின் உரிமையாளர் குற்றவாளி எனக் கொள்ளப்படுவார் என்று அது கூறுகிறது. மூன்று ஆண்டு வரை சிறை. அதனோடு 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் நீக்கப்படும். சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. அவர் இசைவோடுதான் வண்டி எடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய கவனமெல்லாம் எடுத்தேன் என்றோ அவரே மெய்ப்பிக்க வேண்டும். முன்னரும் 180-ஆம் பிரிவு உண்டு. உரிமமற்றவரை ஓட்டவிட்ட உரிமையாளர்க்கு அது தண்டனை விதித்தது. ஆனால் தந்தையைத் தந்தை என்பதற்காகவே பெயர்சொல்லி அழைத்தது இப்பிரிவுதான். செய்தித்தாளில் அதைப் படித்தபோது என் கண் சுவரைத் தேடியது.

ஒருவன் செய்த பிழைக்கு மற்றொருவனைத் தண்டிப்பது அறமாகுமா? இந்தத் தடையைச் சட்டம் கற்ற நண்பர் ஒருவரே என்னிடம் எழுப்பினார். அப்பனுக்காகப் பிள்ளையையும் பிள்ளைக்காக அப்பனையும் தண்டித்த கொடுமையிலிருந்து வெளியே வரத்தானே மனித இனம் இத்தனை நூற்றாண்டு பாடுபட்டது என்றார். வலுவான தடைதான். அதிலும், குடித்த பிள்ளையைத் தனியொருத்தியாகத் தடுக்க இயலாமல் அழும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அண்டை வீட்டு வண்டியைக் கேட்டு வாங்கிப் போகும் பிள்ளைக்கு, கூலி வேலைக்குப் போயிருக்கும் தகப்பன் எப்படிக் காவலிருப்பான்? 25,000 ரூபாய் என்பது அவனுக்குப் பல மாத உழைப்பு. புனேயில் அச்சிறுவன் அன்றிரவு மதுக்கூடம் ஒன்றில் ஒன்றரை மணி நேரத்தில் செலுத்தியது 48,000 ரூபாய் என்று காவல் ஆணையர் கூறினார். அந்தக் காருக்கு நிலையான பதிவு இல்லாததற்குக் காரணம் கட்டாமல் விட்ட 1,758 ரூபாய்க் கட்டணம் என்று போக்குவரத்து ஆணையர் கூறினார். ஒரே அபராதம் இந்த இரு தந்தையர்மேலும் ஒரே எடையுள்ளதாக விழாது. சட்டத்தின் குறை இது, மறுக்கவில்லை.

ஆயினும் தடையின் வேர் தவறு என்றே நினைக்கிறேன். தந்தை தண்டிக்கப்படுவது மகன் குடித்ததற்கு என்றால் அது அநீதி. சாவியை எட்டும் இடத்தில் வைத்ததற்கும், காப்பீட்டைத் தள்ளிப்போட்டதற்கும், ஓட்டுகிறான் என்று தெரிந்தும் பெருமையோடு பார்த்து நின்றதற்கும் என்றால், அவை மகன் செய்தவை அல்ல. தந்தை தம் கையால் செய்தவை. அவை அந்த இரவில் நிகழவும் இல்லை. அதற்கு நூறு நாள் முன்பே, வெயிலடிக்கும் பகலில், குடிக்காத தெளிந்த தலையோடு செய்யப்பட்டவை. பதினேழு வயதுப் பிள்ளை போதையில் முடிவெடுத்தான் என்று இரங்கலாம். நான் எந்தப் போதையில் முடிவெடுத்தேன்?

இவ்விடத்தில் நம் மண்ணின் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேரோட்டிச் சென்றான். துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. இக்கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையும் இருக்கிறது. பரிகாரம் செய்து தீர்த்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் சொன்னபோது அரசன் அதை ஏற்கவில்லை. மற்றவன் செய்தால் தண்டிப்பேன், என் பிள்ளை செய்தால் பரிகாரமா என்று நாணினான். அந்த நாணம்தான் கதையின் உயிர். புனே வழக்கின் குற்றச்சாட்டுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுவனின் இரத்தம் மாற்றப்பட்டு, அதன் இடத்தில் தாயின் இரத்தம் வைக்கப்பட்டது என்பது காவல்துறையின் கூற்று. வண்டியை ஓட்டியது தான்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி வீட்டு ஓட்டுநர் வற்புறுத்தப்பட்டார் என்பது மற்றொன்று. இவை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இப்படியொரு குற்றச்சாட்டைக் கேட்டதும் இருக்கவே இருக்காது என்று நம்மில் எவரும் திகைக்கவில்லையே, அதைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளையைக் காக்கத் தாய் தன் இரத்தத்தையே கொடுப்பாள் என்பதை நாம் அவ்வளவு எளிதாக நம்பினோம். என் வீட்டில், அந்த 1996-இன் இரவில், காந்தி சந்தையிலிருந்து யாரேனும் ஓடி வந்து கதவைத் தட்டியிருந்தால் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன்? தெரியாது. மனுநீதிச் சோழனைப் பாடம் நடத்தியவன் என்ற தகுதி அப்போது எனக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதில் ஐயம் உண்டு.

மகனைத் தேர்க்காலில் இட்ட நீதி நமக்கு வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு நேர் எதிரானது, நல்ல வேளை. கதையில் நான் ஒருமுறையும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தேரை, அந்தக் குதிரைகளை, கூட்டம் மிகுந்த அந்தத் தெருவில் ஓட்டும் இசைவை அவ்விளைஞனுக்குக் கொடுத்தவர் யார்? 199ஏ பிரிவு கேட்பது ஏறத்தாழ அக்கேள்வியைத்தான்.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். அது வண்டிக்கான செலவு, காவலர் கேட்டால் காட்ட வேண்டிய தாள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 'மூன்றாம் தரப்பினர்' பொருட்டான காப்பீட்டை. வண்டிக்காரர் ஒருவர், காப்பீட்டு நிறுவனம் ஒருவர்; மூன்றாமவர் யார்? இன்னும் நம் கண்ணில் படாத, பெயர் தெரியாத, நாளை நம் சக்கரத்தின் முன் வரக்கூடிய ஒருவர். அவருக்கு இன்றே கொடுத்து வைக்கும் வாக்குறுதி அது. ஓட்டியவனுக்கு உரிமம் இல்லையென்றாலும், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004-இல் உறுதிசெய்தது. தந்தையும் மகனும் தவறினாலும் மூன்றாமவர் தவிக்கலாகாது என்பது கருத்து. ஆனால் காப்பீடே இல்லாவிட்டால் நிறுவனமும் இல்லை. கொடுக்க எஞ்சியிருப்பவர் உரிமையாளரும் ஓட்டியவனும் மட்டுமே.

என் மாணவன் ஒருவனின் வீட்டில் இது நடந்தது. பதினேழு வயது, பொங்கலுக்கு மறுநாள் நண்பர்களோடு குடித்துவிட்டு வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். பூ விற்றுவிட்டு வீடு திரும்பிய பெண்மணி மாண்டார். காப்பீடு முடிந்து இரண்டு மாதம். அதைப் புதுப்பிக்க அன்று சில நூறு ரூபாய் போதும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சில இலட்சம் ரூபாயும் வட்டியும் கொடுக்கும்படி பையனின் தகப்பனாருக்கு ஆணையிட்டது. அவர் தையற்காரர்; இரண்டு தையல் எந்திரமும் வாடகை வீடும் உடையவர். சாட்சி சொல்லப் போன நான், இறந்தவரின் கணவரையும் அங்கே கண்டேன். அவர் வழக்கில் வென்றவர். தீர்ப்பின் நகலைக் குடும்ப அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மூன்று ஆண்டு கழித்தும் அதே உறையோடு அவரைச் சந்தித்தேன். தையற்காரர் மாதம் ஐந்நூறு, சில மாதம் அதுவும் இல்லாமல், கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் திட்டவில்லை. பணம் கொடுக்கும் நாளில் இருவரும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் பிரிவார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான்.

புனேச் சிறுவன் அந்த 300 சொற்களை எழுதிக் கொடுத்துவிட்டான் என்று 2024 ஜூலையில் செய்தி வந்தது. அதில் என்ன எழுதியிருந்தான் என்று அறியும் ஆவல் எனக்கு இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரனுக்கு இப்போது பதினாறு நடக்கிறது. டியூஷனுக்குப் போக ஸ்கூட்டர் வேண்டும் என்று அடம். வாங்கிக் கொடுத்துவிடப்போவதாக மகன் சொன்னான். வேண்டாம் என்றேன், சட்டத்தைச் சொன்னேன், 25,000 ரூபாயைச் சொன்னேன். அவன் சிரித்தான். "நான் அந்த வயசில ஓட்டலையா, அப்பா? என்ன ஆயிடுச்சு?"

அப்போதுதான், முப்பது ஆண்டுக்குப் பக்கமாகப் பேசாத அந்த அரியமங்கலத்து இரவைப் பற்றி வாய் திறந்தேன். அவனைக் குறைகூற இல்லை. காப்பீடு கட்டாததையும் சாவி தொங்கிய ஆணியையும் சொன்னேன். காந்தி சந்தையில் படுத்திருப்பவர்களைப் பற்றி அன்று நான் நினைக்கவே இல்லை என்றும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். உள்ளே பேரன் தொலைக்காட்சியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சந்தை வழியாத்தான் வந்தேனா, அப்பா?" என்று கேட்டான். "வந்த வழியே எனக்கு ஞாபகம் இல்லை."